நான் சொன்ன சூன்யம்

விகாரை பூட்டியிருக்கு சார். சாவி என்கிட்ட இல்ல. பன்னெண்டு வருஷம் என்கிட்டதான் இருந்துது, இப்ப இல்ல. பொருளாளர் வீட்டுல இருக்கு. அவரு குடியாத்தம் போயிருக்காரு, வர பொழுது சாஞ்சிடும். புத்தகம் எழுதறேன்னு அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, சும்மா திரும்பிப் போகக் கூடாது. இப்படிப் படியில உக்காருங்க. செருப்பு காலோட இருக்கட்டும், பரவால்ல.

ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா சிலை தெரியும். சலவைக்கல்லு. எங்க ஊர்ல மூணு தலைமுறையா பௌத்தம். நான் குணசீலன். போஸ்ட் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம். ரிட்டயர் ஆன மறுமாசமே சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான்தான் பேசுவேன். இந்த வட்டாரத்துல அநாத்மா, சூன்யம் எல்லாம் தெளிவாப் பேச வேற ஆள் கிடையாது. நானே சொல்லிக்கிறேன்னு நினைக்காதீங்க, யாரை வேணா கேளுங்க. இப்ப கேக்காதீங்க. இப்ப கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க.

இப்ப எனக்கே பாடம் எடுக்கறாங்க சார். 'ஒண்ணுமே இல்லேன்னு சொல்றது பௌத்தம் இல்ல, அது வேற சரக்கு'ங்கறாங்க. நேத்து வரைக்கும் பஞ்சசீலத்தைத் தப்பில்லாம சொல்லத் தெரியாத பசங்க. என்னத்தைச் சொல்ல.

எல்லாம் தாமோதரன் விஷயத்துல வந்தது. அவனைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

தாமோதரன் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர். அதோ, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால உசரமா நிக்குது பாருங்க, அந்தத் தண்ணித் தொட்டிதான். மோட்டார் போடுறது, வால்வு திறந்து தெருவுக்குத் தெரு தண்ணி விடுறது, தினமும் பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தொட்டியில ஊத்துறது, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை உள்ள இறங்கிக் கழுவுறது, எல்லாம் அவன் வேலை. இருவது வருஷமா ஒரு நாள் தவற விட்டதில்ல. பொங்கலன்னைக்கும் மேல ஏறிட்டுத்தான் வந்து சாப்பிடுவான். கொஞ்சம் முன்கோபி. யாராவது தெருக்குழாயில மாட்டைக் குளிப்பாட்டினா போதும், வால்வு சாவியைத் தூக்கிட்டு அடிக்க வந்துடுவான். அவன் சம்சாரம் சகுந்தலா, அங்கன்வாடியில ஆயா. ஒரே பொண்ணு, கவிநிலா. வேலூர்ல நர்சிங் ரெண்டாவது வருஷம் படிச்சுது.

போன ஆனி மாசம் அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்துது. டெங்கு. நாலே நாள். போனவ நடந்து போனா, திரும்பி ஆம்புலன்ஸ்ல வந்தா.

அவனை அப்ப நீங்க பாத்திருக்கணும். அழுதான், கத்தினான், செவுத்துல முட்டிக்கிட்டான். பத்து நாள் டேங்குக்கே போகல, பக்கத்து ஊர் ஆபரேட்டர் வந்து தண்ணி விட்டாரு. பதினோராம் நாள் சாயங்காலம் இங்க வந்து இதே படியில உக்காந்தான். என்னைப் பாத்து, எம் பொண்ணு எங்க சார் போனான்னு கேட்டான்.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்லியிருந்தாங்க. சாமிகிட்டப் போயிட்டான்னு ஒருத்தர், உன் வயித்துலயே மறுபடி பொறப்பான்னு ஒருத்தர் சகுந்தலாகிட்ட. நான் அப்படியெல்லாம் சொல்ற ஆளு இல்ல. உள்ளதைச் சொன்னேன். "தாமோதரா, போறதுக்கு ஆளே கிடையாதுப்பா. கவிநிலான்னு ஒருத்தி இருந்தாத்தானே போறதுக்கு? எலும்பு, சதை, மூச்சு, நினைப்பு. சேந்துது, பிரிஞ்சுது. உள்ள பாத்தா எல்லாம் சூன்யம். நீயும் சூன்யம். அழறவன் யாருன்னு தேடிப் பாரு, அங்கேயும் யாரும் இல்ல."

அப்புறம் அழுகை நின்னுது. பட்டுன்னு நின்னுது சார், குழாயை மூடின மாதிரி. இத்தனை வருஷம் பேசியிருக்கேன், என் பேச்சு ஒருத்தனுக்குள்ள அப்படி இறங்கினதை அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு.

அதுலேருந்து தினமும் வருவான். நான் பேசுவேன், அவன் கேப்பான். ஒரு மாசத்துல ஆளே மாறிட்டான். கோபம் போச்சு. குழாயில மாட்டைக் குளிப்பாட்டினாலும் பாத்துட்டுப் போயிடுவான். பொண்ணோட துணிமணி, புத்தகம் எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டான். சகுந்தலா ஓடிப் போய் அதுல ஒரு வெள்ளை நர்சிங் கோட்டை மட்டும் பிடுங்கிட்டு வந்துச்சாம். அவன் அதைக்கூட ஏன்னு கேக்கல. ஆடிப் பௌர்ணமிக் கூட்டத்துல அவனை மேடையில என் பக்கத்துல உக்கார வெச்சேன். 'புத்திர சோகத்தைக் கடந்த மனுஷனைப் பாருங்க'ன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. இன்னைக்கு என் மேல புகார் சொல்ற அத்தனை பேரும் அன்னைக்குக் கை தட்டினவங்கதான், அதை எழுதிக்குங்க.

அவன் தட்டுனதையும் பாக்கல, ஜனத்தையும் பாக்கல. ஜனத்துக்குப் பின்னால இருந்த செவுத்தைப் பாத்துட்டிருந்தான். சகுந்தலா பொம்பளைங்க வரிசையில உக்காந்து அவனையே பாத்துட்டிருந்துச்சு. அது மட்டும் கை தட்டல.

ஆவணியில ஒரு நாள் வந்தான். வழக்கம்போல படியில உக்காந்து, சாவகாசமா சொன்னான். "சார், டேங்க்ல ஒரு புறா செத்து மிதக்குது. மூணு நாளா இருக்கு. எடுக்கணும்னு தோணவே இல்ல. எடுக்கறவன் யாரு, குடிக்கறவன் யாரு?"

நான் அதை டைரியில எழுதி வெச்சேன் சார். தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா காட்டறேன். டவுன்ல நாலு எழுத்து படிச்சவனுக்கு வராத கேள்வி, ஒரு டேங்க் ஆபரேட்டருக்கு வருதுன்னா? அந்தப் புறாவை எடுத்தானா இல்லையான்னு நான் கேக்கல. அது என் வேலை இல்லியே. எங்க வீட்டுல கேன் தண்ணிதான், மருமக வந்ததுலேருந்து அந்தப் பழக்கம்.

அப்புறம் புரட்டாசி ஆரம்பத்துல சகுந்தலா என் வீட்டுக்கு வந்துச்சு. உள்ள வரல, வாசல்லயே நின்னுச்சு. அவரு பவுடர் போடறதில்ல அண்ணா, ரெண்டு மாசமா மூட்டை அப்படியே அடுக்கியிருக்கு, தொட்டி கழுவறதும் இல்லன்னு சொல்லுச்சு. வீட்டுல சோறு வெச்சா சாப்பிடறாராம், வெக்காட்டி கேக்கறதில்லையாம். ஒரு நாள் ராத்திரி எழுப்பி, நான் செத்தாலும் இப்படித்தான் இருப்பியான்னு கேட்டுதாம். சாகறதுக்கு முதல்ல நீன்னு யாரு இருக்கான்னாராம்.

"நீங்க சொன்னாக் கேப்பாரு அண்ணா. நல்லவரா இருந்தவரை இப்படி வெறும் ஆளா ஆக்கிட்டீங்க. பழையபடி கோவிச்சுக்கச் சொல்லுங்க"ன்னுச்சு.

பாவம், அதுக்கு என்ன தெரியும். நான் பொறுமையாத்தான் சொன்னேன். சகுந்தலா, அவன் மேல ஏறிட்டிருக்கான், நீ காலைப் பிடிச்சு இழுக்காதே, பொம்பளைங்களுக்குப் பற்று கொஞ்சம் ஜாஸ்திம்மான்னேன். பவுடர் விஷயம் வேணா கிளார்க்கைப் பாருன்னேன். அது என்னை ஒரு பார்வை பாத்துச்சு. திரும்பிப் போயிடுச்சு.

கிளார்க்கைப் பாத்திருக்கு. இருவது வருஷமா போடறவரு, போடாமயா இருப்பாருன்னு அவரு சிரிச்சிருக்காரு. அதுக்கப்புறம் அது என்ன பண்ணுச்சு தெரியுமா? தானே ஏறிச்சு. நாப்பத்தஞ்சு அடி உசரம், இரும்பு ஏணி. காலையில அங்கன்வாடிக்குப் போறதுக்கு முன்ன, புடவையைத் தூக்கிச் சொருகிட்டு, வாளியில பவுடர் கரைச்சு, ஒரு கையால வாளி, ஒரு கையால ஏணி. முதல் நாள் அந்தப் புறாவோட எலும்பையும் சிறகையும் அதுதான் வலை போட்டு எடுத்துதாம். தாமோதரன் கீழ மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்து பாத்துட்டிருப்பான். ஏறாதேன்னும் சொல்லல, குடுன்னும் சொல்லல.

பத்தொம்பது நாள் ஏறிச்சு. இருவதாம் நாள் மழை. வழுக்கி விழுந்துது. பாதி இறங்கினப்புறம் விழுந்ததால உசிர் பொழச்சுது, கணுக்கால் ரெண்டு இடத்துல முறிஞ்சுது. தாமோதரன் எழுந்து வந்தான், ஆட்டோவுல ஏத்தினான், கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்தான். செய்ய வேண்டியதைச் செஞ்சான் சார், யாரும் குறை சொல்ல முடியாது. முகத்துல மட்டும் ஒரு சலனம் இல்ல. நான் போய்ப் பாத்தப்ப அதைத்தான் கவனிச்சேன். சகுந்தலா கட்டில்ல படுத்துட்டு, இனிமே யாரு ஏறுவா, யாரு ஏறுவான்னு அதையே சொல்லிட்டிருந்துச்சு. வலி, அதான் உளறுதுன்னு நினைச்சேன்.

ஐப்பசி பொறந்து மழை விடாம பேஞ்சுது. சாக்கடைத் தண்ணி எங்கேயோ பைப்புக்குள்ள புகுந்திருக்கு. முதல்ல மேட்டுத் தெருவுல நாலு பேருக்கு வயித்தால போச்சு. மழைக்காலம்னா அது சகஜம்தானேன்னு விட்டாங்க. மறுநாள் பதினேழு பேர். மூணாம் நாள் தெருவுக்குத் தெரு வாளியும் கையுமா ஜனம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, பெஞ்சை எல்லாம் சேத்துப் போட்டு, சுகாதாரத் துறைக்காரங்க முகாம் வெச்சாங்க. அன்னைக்கு ஊர்ல கேட்ட சத்தம் இருக்கே. வேணாம், அதைச் சொல்லல.

ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. தெருக்குழாயில ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில தண்ணி பிடிச்சு, சொட்டு மருந்து விட்டாரு. மருந்து போட்ட தண்ணியா இருந்தா மஞ்சளா மாறுமாம். நாங்க இருவது பேர் சுத்தி நின்னு பாக்கறோம். மாறல. இன்னொரு குழாய்க்குப் போனாரு. மாறல. அஞ்சு குழாய். தண்ணி தண்ணியாவே இருந்துது. அவரு குப்பியைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, எத்தனை மாசமான்னு கேட்டாரு. யாரும் வாயைத் திறக்கல. நானும் திறக்கல. நான் ஏன் திறக்கணும்?

அன்னைக்கு மத்தியானம் பூ கட்டுற ரேவதியோட பொண்ணு போயிடுச்சு. நாலு வயசு. சாயங்காலம் மேட்டுத் தெருவுல ஒரு கிழவர்.

அந்த மாசம் பௌர்ணமிக்குப் பேச போதிநந்தர்னு ஒரு பிக்குவைக் கூப்பிட்டிருந்தோம். அரக்கோணம் பக்கத்து மனுஷன், வடக்க போய்ப் படிச்சவரு. பிக்குவை நாங்க பந்தேன்னுதான் கூப்பிடுவோம். கூட்டம் ரத்து, வரவேணாம் பந்தேன்னு போன் பண்ணேன். அவரு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாரு. வந்தவரு விகாரைக்கே வரல. நேரா பள்ளிக்கூடம் போய், பாட்டில் மாட்டக் கம்பி பத்தாம, கையில சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னாரு. மூணு மணி நேரம். காவி எல்லாம் வாந்தி.

அங்கதான் தாமோதரன் வந்தான். வராந்தாவுல நடந்து வரான், ரெண்டு பக்கமும் படுத்திருக்கறவங்களைப் பாத்துட்டே வரான். பந்தே முன்னால நின்னான். பக்கத்துல நான் இருக்கேன். "பந்தே, செத்தது யாரு? யாரும் இல்லதானே?"ன்னான். கேக்கறப்ப அவன் குரல் சாதாரணமாத்தான் இருந்துது. கண்ணு மட்டும் என் பக்கம் வந்துட்டுப் போச்சு.

டேங்க் ஆபரேட்டர் இவன்தான், என்கிட்ட என்ன பாடம் கேட்டான்னு எல்லாம் முகாம்ல யாரோ பந்தேகிட்ட ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. அவரு கையில இருந்த பாட்டிலை அவன் கையில குடுத்து, இதைப் பிடின்னாரு. கீழ ஒரு வயசான அம்மா. உதடெல்லாம் வெடிச்சு, தண்ணி தண்ணின்னு முனகிட்டிருந்துது.

"இந்த அம்மா யாருன்னு தேடு. எலும்பு, சதை, மூச்சு, நினைப்பு, அவ்வளவுதான் கிடைக்கும். உனக்குச் சொன்னாங்களே, அது சரி. இப்ப இதைச் சொல்லு. தாகம் இருக்கா, இல்லையா?"

அவன் அந்த அம்மா உதட்டையே பாத்தான்.

"சொல்லுப்பா."

"இருக்கு."

"புத்தர் அங்கேருந்துதான் ஆரம்பிச்சாரு. துக்கம் இருக்கு, அதுக்குக் காரணம் இருக்கு, அது தீரவும் வழி இருக்கு. மூணு தடவை இருக்குன்னுதான் சொன்னாரு. நான்ங்கற கெட்டி ஒண்ணு உள்ள இல்லேன்னாரு. வலி இல்லேன்னு அவரு எங்க சொன்னாரு? ஒண்ணைத் தொட்டு ஒண்ணு வருது. நீ ஊத்தாத மருந்து இந்த அம்மா வயித்துல வந்து நிக்குது. எதுவுமே இல்லேன்னா, இது எப்படி இங்க வந்துது?"

பாட்டில் ஆட ஆரம்பிச்சுது சார். அந்த அம்மா மறுபடி தண்ணின்னுச்சு. "எம் பொண்ணும் கடைசி நாள் தண்ணி கேட்டா"ன்னான். அவ்வளவுதான். அப்படியே சரிஞ்சு உக்காந்து அழுதான். பாட்டிலை மட்டும் கீழ விடல, உசரத் தூக்கிப் பிடிச்சுட்டே அழுதான். நாலு மாசமா கட்டிக் காத்த நிலை, அரை நாழிகையில போச்சு. எனக்குப் பதறிப் போச்சு. தாமோதரா, யாரு அழறான்னு பாருடான்னு குனிஞ்சு சொன்னேன். பந்தே என் தோளைப் பிடிச்சு அப்பால நகத்தினாரு.

"போஸ்ட்மாஸ்டர், புத்தர் நெருப்பை அணைக்கச் சொன்னாரு. நீங்க விளக்கை அணைச்சிருக்கீங்க"ன்னாரு. அத்தனை பேர் முன்னால.

ரெண்டும் அணைக்கறதுதானே சார்? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. நானும் இந்த நாலு மாசமா யோசிக்கறேன், அதுல என்ன பெரிய வித்தியாசம்னு எனக்கு விளங்கல.

அன்னைக்கே அவன் தொட்டியைக் காலி பண்ணி, உள்ள இறங்கி, பொழுது சாயற வரைக்கும் தேச்சுக் கழுவினான். கழுவிட்டு ஈரத்துணியோட நேரா ரேவதி வீட்டுக்குப் போனான். பிணம் இன்னும் எடுக்கல. வாசல்ல நின்னு, நான்தான் மருந்து போடல, மூணு மாசமா போடல, தெரிஞ்சுதான் போடலன்னு சொன்னான். ரேவதி தம்பி அடிச்சான். நல்லா அடிச்சான். இவன் தடுக்கல. அந்தப் பழைய மரத்துப்போன தாமோதரனா இருந்தா தடுக்காம நிப்பான், அது எனக்குப் புரியும். இவன் அழுதுட்டே நின்னான், அடிக்கறவன் கையைப் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டானாம். வேலை போச்சு, கேஸ் நடக்குது. போலீஸ்காரங்க ஏன்யா போடலன்னு எவ்வளவோ கேட்டாங்க. என் பேரைச் சொல்லல. அந்த வரைக்கும் நல்லவன்.

சொன்னது சகுந்தலா. சங்கத்துக் கூட்டத்துல, கட்டுப்போட்ட காலோட, ஊன்றுகோலைப் பிடிச்சுட்டு எழுந்து நின்னு சொல்லுச்சு. புரட்டாசியில இவரு வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன், மேல ஏறிட்டிருக்கான் இழுக்காதேன்னாருன்னு. புறாவைப் பத்தியும் சொல்லுச்சு, அதை அவன் வீட்டுல சொல்லியிருப்பான் போல. என்கிட்ட விளக்கம் கேட்டாங்க. நான் புத்தகத்துல இருக்கறதைத்தான் சொன்னேன், மருந்து போடாதேன்னு சொன்னேனான்னு கேட்டேன். சாவியை வாங்கிக்கிட்டாங்க.

தாமோதரனை இப்ப நீங்க பாத்தா வருத்தப்படுவீங்க. தினமும் காலையில ரேவதி வீட்டுக்கு ஒரு குடம் காய்ச்சின தண்ணி கொண்டுபோய் வாசல்ல வெக்கறான். அவ எடுத்துக் கீழ கொட்டிடறா. மறுநாளும் வெக்கறான். பழைய கோபம் வேற வந்திருக்கு, புது ஆபரேட்டர் ஒரு நாள் மேல ஏறாட்டி தெருவுல நின்னு சண்டை பிடிக்கறான். பொண்ணு கோட்டை மடியில வெச்சுட்டு புருஷனும் பொண்டாட்டியும் உக்காந்து அழறாங்களாம். அவ்வளவு உசரம் போனவன். ஒரு தடவை வழியில பிடிச்சு, ஏன்டா இப்படி விழுந்துட்டேன்னு கேட்டேன். "நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு சார். ஊசி போட்ட மாதிரி இருந்துச்சு"ன்னான். அப்புறம் என் முகத்தைப் பாத்து, "உங்களுக்கு எதுனா வலிச்சிருக்கா சார்?"னு கேட்டான். அது என்ன கேள்வி?

இருக்கட்டும். கேக்கற காது இருந்தா பேச்சு வீண் போகாது. விகாரை இல்லாட்டி என்ன, வீட்டுல பேசறேன். இப்ப தினகரன்னு ஒருத்தன் வரான். ஷூ கம்பெனி வேன் ஓட்டுறான், காலையில சுத்துப்பட்டு ஊர்ப் பொண்ணுங்களை ஏத்திட்டுப் போய், சாயங்காலம் கொண்டாந்து விடுவான். இருவத்திரெண்டு பொண்ணுங்க. தை மாசம் அவன் சம்சாரம் பிரசவத்துல போயிடுச்சு, குழந்தையும் தங்கல. வந்தப்ப பைத்தியம் மாதிரி இருந்தான். இப்ப அமைதி ஆயிட்டான் சார். அற்புதமான அமைதி. முந்தாநேத்து சொல்றான், ஸ்டியரிங்கைப் பிடிக்கறது யாருன்னே தெரியல சார், கை பாட்டுக்குப் போவுது, எதிர்ல லாரி வந்தா அதுவும் சும்மா ஒரு தோற்றமாத்தான் தெரியுதுன்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. டைரியில குறிச்சு வெச்சிருக்கேன்.

நீங்க டவுனுக்குத்தானே போகணும்? பஸ் ஆறு மணிக்குத்தான். தினகரன் வேன் இப்ப காலியாத்தான் போவும், பொண்ணுங்களை அழைச்சுட்டு வர. அதுல ஏறிக்குங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க, காசு வாங்க மாட்டான். அதோ, புழுதி தெரியுதே, அவன்தான். எழுந்து ரோட்டு ஓரம் நின்னு நல்லாக் கையைக் காட்டுங்க சார். ரோட்டுல ஆள் நிக்கறதெல்லாம் இப்ப அவன் கண்ணுக்குத் தெரியறதில்ல.